மூன்று படம் வேண்டும்

ஒரு படத்தில் மட்டும் தெரிந்தால் அது ஒன்றுமில்லை. இரண்டில் தெரிந்தால் சந்தேகம். மூன்றாவதிலும் தெரிந்து, மூன்றும் ஒரு வரிசையில் வந்தால்தான் அது பொருள், அதற்கு ஒரு எண் கொடுக்கலாம், நாலு பேரிடம் சொல்லலாம். வேலைக்குப் புதிதாக வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது, கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது புளித்துவிட்டது, புனிதவதி மேடம் கல்யாணப் பத்திரிகை வந்தாக்கூட மூணு காப்பி கேப்பாங்க என்று சாப்பாட்டு அறையில் கேலி பேசுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பேசட்டும். நான் தேடுவது முப்பத்தாறாயிரம் கிலோமீட்டருக்கு மேலே கிடக்கும் குப்பையை. டி.வி. செயற்கைக்கோளும் வானிலைச் செயற்கைக்கோளும் வரிசை கட்டி நிற்கிற அந்த உயரத்தில், செத்துப்போனவற்றிலிருந்து கழன்ற தகடு, வெடித்த தொட்டியின் சில்லு, உரிந்து வந்த பளபளப்புத் தாள் என்று உள்ளங்கை அளவில் என்னென்னவோ சுற்றிக்கொண்டிருக்கிறது, ஒன்று வந்து இடித்தால் போதும், கோடிக்கணக்கில் போட்டு அனுப்பியது குப்பையோடு குப்பையாகிவிடும். ராத்திரியில் தொலைநோக்கியை நகர்த்தாமல் நிறுத்திப் படம் எடுப்பார்கள். நட்சத்திரங்கள் எல்லாம் நகர்ந்து கோடு கோடாக விழும், பூமியோடு சேர்ந்து சுற்றுகிறது மட்டும் புள்ளியாக நிற்கும். பகலில் இந்த ஏ.சி. அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அந்தப் புள்ளியைத் தேடுகிறவள் நான். புள்ளி என்று பார்த்தால் ஒரு படத்திலேயே ஆயிரம் வரும், கேமரா சிப்பில் கெட்டுப்போன கட்டம், எங்கிருந்தோ வந்து அடித்துவிட்டுப் போகிற கதிர், வெறும் இரைச்சல், எல்லாம் நிஜம் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் மூன்று. இன்று காலையிலிருந்து என் கையில் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது, அது மேலேயிருந்து வந்தது இல்லை. திருச்செந்தூருக்குப் பக்கத்தில் ஆதரவற்றவர்களை வைத்துப் பார்க்கிற காப்பகம் ஒன்றில் வேலை செய்யும் செல்லக்கனி என்ற பெண் அனுப்பியது. ஒரு வேப்பமரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, கூரை நிழலில் தாடியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள். அந்த ஆள் என் தம்பி நாவுக்கரசாக இருக்கலாம், ஏழு வருஷமாகக் காணாமல்போன என் தம்பி அரசு. இன்னும் இரண்டு படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

போன் ஜன்னல் விளிம்பில் இருக்கிறது. இந்த மலையில் சிக்னல் வருவது அந்த ஒரு இடத்தில்தான், அதுவும் கண்ணாடியில் சாய்த்து வைத்தால்தான், கையில் எடுத்தால் போய்விடும். பேசுவதற்கே கெஞ்ச வேண்டும், வீடியோ கால் எல்லாம் கனவு. அதனால் நான் இங்கே நாற்காலியிலும் போன் அங்கே விளிம்பிலுமாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த படத்தைத் திரையில் கொண்டுவந்தேன். கோடு, கோடு, கோடு, ஒரு புள்ளி, அது பழைய புள்ளி, எண் உள்ளது, போகட்டும். அரசு இருந்தால் கேட்டிருப்பான், அக்கா அது எந்தச் சேனலுடையது என்று. அவன் வேலை டிஷ் மாட்டுவது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு விருத்தாசலத்தில் பாதி வீட்டு மொட்டை மாடியில் ஏறி இறங்கியவன். வெயிலில் கறுத்துப்போய், இடுப்பில் ஸ்பேனரும் தோளில் வயர்ச் சுருளுமாக வருவான். நான் இந்த மலைக்கு வேலைக்கு வந்தபோது ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவன் அவன்தான், நீ மேலே இருக்கிறதைப் பாக்குற, நான் கீழேயிருந்து அதையே புடிக்கிறேன், ரெண்டு பேரும் ஒரே கம்பெனி என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தான். அது உண்மையும்கூட. தெருவில் இருக்கிற அத்தனை கிண்ணமும் பார்க்கிற திசையில்தான் என் தொலைநோக்கியும் பார்க்கிறது. பிறகு ஒருநாள், ஒருநாள் என்று சொல்ல முடியாது, எப்போது ஆரம்பித்தது என்று எங்கள் யாருக்கும் தெரியாது, நம்ம கிண்ணம் அதைப் பாக்குதுன்னா அது நம்மளைப் பாக்காதா என்று கேட்டான். நான் சிரித்தேன், அம்மா சிரித்தாள், நல்ல கேள்விதானே. அடுத்து வீட்டுக்குள்ளேயே குடை பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். கிரிக்கெட் இறுதியாட்டம் நடந்த நாளில் தெருவிலிருந்த டிஷ் எல்லாவற்றையும், ஒன்று விடாமல், ஸ்பேனரால் கழற்றித் தரையைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு வந்தான். எவ்வளவு சுத்தமான வேலை, ஒரு வயர்கூட அறுக்கவில்லை. அடித்தார்கள். உதடு கிழிந்து, சட்டை கிழிந்து, உள்ளே வந்து உட்கார்ந்து, அவங்க நல்லதுக்குத்தான் செஞ்சேன், அது தெரியாம அடிக்கிறாங்க அக்கா என்று சொன்னான்.

அவனுக்குப் புரியவைக்க முயன்றேன். எங்கள் தொலைநோக்கி வானத்தைத்தான் பார்க்கும், பூமியைப் பார்க்க அதனால் முடியாது, குனியவே குனியாது என்று படம் வரைந்து காட்டினேன். பொறுமையாகக் கேட்டான். "நீ நேரா பாக்க மாட்ட அக்கா. மேல கண்ணாடி மாதிரி ஏதாவது வச்சிருப்பாங்க. அதுல நான் தெரிவேன். நீ அதைப் பாப்ப." மேலே பளபளப்புத் தாள் சுற்றிக்கொண்டிருப்பது உண்மை, நான் அதைப் பார்ப்பதும் உண்மை. அவன் சொன்னதில் ஒரே ஒரு கண்ணிதான் தப்பு, அந்தக் கண்ணியை என்னால் பிடித்து இழுத்துக் கழற்ற முடியவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை சாப்பிட்டால் தூங்கினான், தூங்கினால் பயந்தான், தூங்குற நேரத்துல மேலேருந்து என்னை எண்ணிடுவாங்க என்றான். ஒருநாள் காலையில் செருப்பு வாசலில் இருந்தது, அவன் இல்லை. குடையும் இல்லை.

கதவு திறந்தது. பெனடிக்ட். ராத்திரி முழுக்கத் தொலைநோக்கியோடு இருந்தவன், கண் இரண்டும் மிளகாய்ப்பழமாக இருக்கிறது, கையில் டீ. "என்ன பெனடிக்ட், இன்னும் தூங்கப் போகலையா?" என்றேன். "போறேன் மேடம். அந்தப் புதுசைப் பாத்தீங்களா?" "பாத்துட்டுதான் இருக்கேன்" என்று பொய் சொன்னேன், இன்னும் அந்தப் படத்துக்கு வந்தே சேரவில்லை. "திடீர்னு மாட்டிச்சு மேடம். ரொம்ப மங்கல். ஒரு படத்துல இருக்கு, அடுத்ததுல இல்ல, அப்புறம் பளிச்சுன்னு வருது. திட்டத்துல இருந்த மத்த இடத்தை எல்லாம் தூக்கிப் போட்டுட்டேன். விடியிற வரைக்கும் அது பின்னாடியேதான்." "நல்லது பண்ணீங்க." "விட்டா நாளைக்கு எங்க இருக்கும்னு யாருக்குத் தெரியும்? தாள் மாதிரி இருக்கு. வெயிலே தள்ளிட்டுப் போயிரும்." அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "போய்த் தூங்குங்க, நான் பாத்துச் சொல்றேன்" என்றேன். ஜன்னலில் இருந்த போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஏதோ கேட்க வந்து கேட்காமல் போனான். நல்ல பையன், கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன்.

வெயிலே தள்ளிவிடும் என்பது அவன் சும்மா சொன்னதில்லை. கனமானதை வெளிச்சம் ஒன்றும் செய்யாது. தாள் அப்படியில்லை, அகலம் இருக்கும், கனம் இருக்காது, சூரிய வெளிச்சம் பட்டுப் பட்டே பாதை மாறிவிடும், நேற்று இருந்த கணக்கு இன்று செல்லாது. அதனால் எங்களிடம் இன்னொரு விதி உண்டு, புதிதாக ஒன்று அகப்பட்டால் அந்த ராத்திரியே அதன் பின்னால் போ, மற்றதை எல்லாம் விடு, ஒரு புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு திசை தெரியாது, நீளமாக ஒரு வளைவு கிடைக்கிறவரை கண்ணை எடுக்காதே. அப்படி விட்டுத் தொலைத்தவை நிறைய. தொலைந்தது எங்கும் போய்விடாது, அங்கேயேதான் சுற்றும், மாதங்கள் கழித்து வேறு யார் கண்ணிலோ படும், பழையதுதான் இது என்று நிரூபிக்க வழியிருக்காது, புது எண் கொடுப்பார்கள். ஒரே தாளுக்கு மூன்று எண்கூட இருக்கலாம். செல்லக்கனியின் காப்பகத்திலும் பெயர் சொல்லாதவர்களுக்கு அவர்களாகவே ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள். அந்த ஆளுக்கு முத்து என்று வைத்திருக்கிறார்களாம். காலையில் பேசும்போது சொன்னாள். "கோயில் பக்கத்துல கெடந்தாரு மேடம். நாலு நாளாச்சு வந்து. பேரு கேட்டா சொல்ல மாட்டேங்காரு, ஒரு பேச்சும் கெடையாது. கூட்டத்துல ஒக்கார மாட்டாரு. எந்நேரமும் கூரைக்குள்ளதான். நீங்க நெட்டுல போட்டிருந்தீயல்லா, அந்தப் படத்தப் பாத்தேன், மூக்கு அப்படியே இருக்கு, அதான் கூப்பிட்டேன்." மூக்கு. மூக்கை வைத்து யாரைத்தான் சொல்ல முடியாது. கூரைக்குள் உட்காராமல் திருச்செந்தூர் வெயிலில் வேறு எங்கே உட்காருவார்கள்? "போனைக் கண்டா கையால மூஞ்சிய மறைச்சுக்கிடுதாரு, அதான் தூரத்துல நின்னு தெரியாம எடுத்தேன்" என்றாள். அதுவும் ஒன்றுமில்லை, அப்படி மறைக்கிறவர்களை நான் எத்தனை காப்பகத்தில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றாக எடுத்தால் ஒவ்வொன்றும் இரைச்சல். அப்படித்தான் எடுக்க வேண்டும், ஒவ்வொன்றாக. இல்லாவிட்டால் மனசு தன் பாட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டு போய்விடும்.

மங்கலாக இருப்பதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு படத்தில் தனியாகத் தெரியாதது, இருபது படத்தை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் தெரியும், ஆனால் அது எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று முதலில் நீங்கள் ஊகிக்க வேண்டும், ஊகித்த அளவுக்கு ஒவ்வொரு படத்தையும் தள்ளித் தள்ளி வைத்து அடுக்க வேண்டும். ஊகம் சரியென்றால் இருட்டிலிருந்து ஒரு புள்ளி எழுந்து வரும். ஊகம் தப்பென்றாலும் சில சமயம் எழுந்து வரும், அதுதான் வம்பு. ஆயிரம் விதமாக அடுக்கிப் பார்த்தால் ஏதாவது ஒன்றில் இரைச்சலே சேர்ந்து நிஜம் மாதிரி நின்றுவிடும். விரும்பித் தேடுகிறவன் கண்ணுக்கு அது கட்டாயம் கிடைக்கும். எனக்குக் கிடைத்திருக்கிறது, ஒரு தடவை இல்லை. சேலம் ஜங்ஷனில் பார்த்ததாக ஒரு படம் வந்தது, அம்மாவை அழைத்துக்கொண்டு ஓடினேன், பேருந்தில் அம்மா அவன் சட்டை ஒன்றை மடியில் மடித்து வைத்துக்கொண்டே வந்தாள், போய்ப் பார்த்தால் வேறு யாரோ, உயரமே பொருந்தவில்லை. நாக்பூருக்கு நான் மட்டும் போனேன், அங்கேயும் இல்லை. ரேணிகுண்டாவுக்கு மறுபடி இரண்டு பேரும். அந்த ஆளுக்கு அரசுவின் நெற்றி, அரசுவின் புருவம், அம்மா கதவுக்கு வெளியிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள், நானும் ஒரு நிமிஷம், ஒரு முழு நிமிஷம், அவன்தான் என்றே நம்பிவிட்டேன். இடது காதைப் பார்த்தேன். முழுசாக இருந்தது. அரசுவுக்குக் காது குத்தியபோது ஆசாரி ரொம்பக் கீழே குத்திவிட்டார், பிறகு கடுக்கன் எதிலோ மாட்டி மடல் அறுந்து இரண்டு துண்டாகப் பிரிந்திருக்கும், அது ஒட்டவே இல்லை. எங்கள் அரசுவிடம் யாராலும் போலி செய்ய முடியாத ஒரே இடம் அதுதான். அம்மாவிடம் இல்லம்மா என்றேன். அந்த ஆள் என் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டார். தெலுங்கில் என்னவோ சொன்னார். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ என்பதை எந்த மொழியில் சொன்னாலும் புரியும். விரல் விரலாகப் பிரித்து எடுத்துவிட்டு வந்தோம்.

ஊருக்குத் திரும்பிய மறுநாளே அம்மா மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இனிமே உறுதியாத் தெரிஞ்சா மட்டும் எங்கிட்ட சொல்லு புனிதா. இருக்கலாம், இருக்கலாம்னு சொல்லாத. அந்த வார்த்தைய என்னால தாங்க முடியல." சரி என்றேன். அன்றிலிருந்து வீட்டு விஷயத்துக்கும் ஆபீஸ் விதியே வந்துவிட்டது. யார் கூப்பிட்டாலும் முதலில் படம், பிறகு பக்கவாட்டில் ஒரு படம், இடது காது தெரிய ஒரு படம். அதற்குப் பிறகு எத்தனையோ அழைப்பு வந்துவிட்டது, ஒன்றுகூடக் காது வரை தேறவில்லை. விதி நல்ல விதி. அம்மாவை அது காப்பாற்றியது. அவள் விருத்தாசலத்தில் இப்போது கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள், டி.வி. ஓடும், மொட்டை மாடியில் அரசு மாட்டிய டிஷ் இன்னும் இருக்கிறது, அதை மட்டும் அவன் திருப்பவில்லை, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அதன் வழியாக அக்கா பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டிருப்பானோ. இப்படி யோசிக்கக் கூடாது. இப்படி யோசித்தால் அடுக்க ஆரம்பித்துவிடுவேன்.

எழுந்து போய் அந்த முதல் படத்தை மறுபடி பார்த்தேன். எத்தனையாவது தடவையோ. தூரத்திலிருந்து பெரிதாக்கி எடுத்தது, முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்திருக்கிறது. முகம் வலது பக்கமாகத் திரும்பியிருந்தால் இடது காது தெரிந்திருக்கும். இவர் நேராக இருக்கிறார், முடி காதை மூடியிருக்கிறது. முழங்காலைக் கட்டிக்கொண்டிருக்கும் கை. அரசு அப்படி உட்காருவான். எல்லோரும்தான் அப்படி உட்காருவார்கள். பாதம் இரண்டும் நிழலுக்குள் இழுத்து வைக்கப்பட்டிருக்கிறது, நிழலின் ஓரத்துக்கு ஒரு விரல்கடை உள்ளே. வெயில் கோடு அப்படியே பாதத்தின் முன்னால் போகிறது. சுடும், அதனால் இழுத்திருப்பார். கீழே இறங்குகிற பஸ் பதினொன்றரைக்கு, அதை விட்டால் சாயங்காலம்தான். பதினொன்றரையைப் பிடித்தால் இருட்டுகிற நேரத்துக்கு மதுரை, அங்கிருந்து விடிவதற்குள் திருச்செந்தூர். பையில் எப்போதும் ஒரு சேலையும் அரசுவின் பழைய படமும் இருக்கும். போய்விடலாம். போனால் என்ன? இல்லையென்றால் இல்லை. ஆனால் இல்லை என்றால் மறுபடி யாரோ ஒருவருடைய விரலைப் பிரிக்க வேண்டும். என்னால் முடியாது. நிஜமாகவே முடியாது. மூன்று படம் வந்துவிட்டால் பயமில்லாமல் போகலாம், அம்மாவிடமும் சொல்லிவிட்டுப் போகலாம். செல்லக்கனி எடுக்கிறேன் என்றுதான் சொன்னாள், கொஞ்சம் தயங்கினாள், "கிட்டப் போனா பயப்படுதாரு மேடம், நீங்களே ஒரு எட்டு வந்து பாத்தா என்ன?" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு எட்டாம். "காது தெரியிற மாதிரி ஒரே ஒரு படம், அவ்வளவுதானே கேக்குறேன்" என்றேன். அதட்டினேனா என்ன? கொஞ்சம் அதட்டித்தான் விட்டேன்.

நாற்காலிக்கு வந்து பெனடிக்டின் புதுப் பொருளை எடுத்தேன். முதல் படத்தில் இருக்கிறது, பார்வையை நேராக வைத்தால் மறைகிறது, கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் தெரிகிறது. அடுத்ததில் இல்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததில் பளிச்சென்று, யாரோ தட்டைத் திருப்பின மாதிரி. பிறகு மறுபடி மங்கல். புரண்டுகொண்டே போகிறது, எந்தப் பக்கம் சூரியனைப் பார்க்கிறதோ அந்த நேரம் மட்டும் தன்னைக் காட்டுகிறது. பெனடிக்ட் விடாமல் பின்னாலேயே போயிருக்கிறான், படத்துக்கு மேல் படம், விடியல் வெளுப்பில் நட்சத்திரமே அழிகிறவரை. இது போதும், பாதை போட்டுவிடலாம், நாளைக்கும் கண்டுபிடிக்கலாம். இது நிஜம். எழுதினேன். எழுதும்போதே, அவன் மூன்று படத்துக்காகக் காத்திருக்கவில்லையே என்று தோன்றியது. முதல் மினுக்கலிலேயே எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் பின்னால் போனவன். நிஜமா இல்லையா என்பதைப் போகிற வழியில் தெரிந்துகொண்டான். இரண்டு விதியும் நான் சொல்லிக்கொடுத்ததுதான், எது முதலில் என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. பஸ் ஹாரன் கேட்டது. கேன்டீன் வளைவில் திரும்பும்போது எப்போதும் அடிப்பான். எழுந்து நின்றேன், பை நாற்காலி முதுகில்தான் தொங்கியது, கை வைத்தேன். பயம் என்னவென்றால் அது அவனாக இல்லாமல் போய்விடுமோ என்பது மட்டும் இல்லை. அவனாக இருந்துவிடுமோ என்பதும்தான். அவனை எங்கே வைத்துக்கொள்வேன்? இங்கேயா, தலைக்கு மேல் ஐந்து தொலைநோக்கி இருக்கிற இந்த மலையிலா? என்னைப் பார்த்ததும் அவன் கண் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அவன் வீட்டை விட்டுப் போவதற்கு முன்னால் அதை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். சொந்த அக்காவைப் பார்த்து அப்படிப் பயந்தவனைத் தேடி ஏழு வருஷம் அலைகிறேன், கிடைத்துவிடுவானோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஹாரன் இன்னொரு தடவை கீழே எங்கோ கேட்டது, பிறகு கேட்கவில்லை. பையிலிருந்து கையை எடுத்தேன். சாயங்கால பஸ் இருக்கிறதே.

போன் அதிர்ந்து விளிம்பிலிருந்து நழுவப் பார்த்தது. ஓடிப்போய்ப் பிடித்து, நகர்த்தாமல், குனிந்து கண்ணாடியோடு காதை வைத்துக்கொண்டேன். "மேடம், செல்லக்கனி பேசுதேன். கேக்குதா?" "கேக்குது, சொல்லுங்க. படம் எடுத்தீங்களா?" "மேடம், அவரு போயிட்டாரு மேடம்." எனக்கு முதலில் புரியவில்லை. எங்கே என்றேன். "தெரியல மேடம். நீங்க காது தெரியிற மாதிரி கேட்டீயல்லா, சாப்பிட்டு முடிக்கட்டும்னு இருந்து, மெல்லப் பக்கத்துல போய் ஒக்காந்து போனை எடுத்தேன். வெடுக்குனு எந்திச்சிட்டாரு. யாருக்கு அனுப்பப் போறன்னு கேட்டாரு. வந்த நாள்லேருந்து ஒரு வார்த்த பேசாத மனுசன் மேடம். பேசிட்டாரேன்னு சந்தோசத்துல நான் பாட்டுக்கு, ஒங்க அக்கா கேக்காவ, அவியளுக்குத்தான்னு சொல்லிட்டேன்." காதைக் கண்ணாடியோடு இன்னும் அழுத்தினேன். "மேடம், இருக்கீயளா?" "இருக்கேன்." "மலை மேல இருக்காளே அவளான்னு கேட்டாரு. நீங்க மலையிலயா இருக்கீய? எனக்குத் தெரியாதுல்லா, நீங்க ஆபீஸுன்னுதான சொன்னீய. நான் முழிச்சிட்டு நிக்கேன், அவரு மேல வானத்தப் பாத்தாரு. கண்டுபிடிச்சிட்டாளான்னு கேட்டாரு மேடம். அவ்வளவுதான். பின்பக்கச் சுவரேறிக் குதிச்சிட்டாரு." எந்தப் பக்கம் போனார் என்று கேட்டேன். என் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "அந்தப் பக்கம் ஒரே தேரிக்காடு மேடம், செம்மணலும் பனையுமா கெடக்கும். ரெண்டு பேரு வண்டியெடுத்துட்டுப் போயிருக்காவ. வெயில்ல வெறுங்காலோட ஓடுதாரு மேடம், தலையில ஒரு துண்டுகூட இல்ல." அவள் அழுகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. "கடைசியா ஒண்ணு எடுத்தேன் மேடம், அவரு எந்திரிக்கும்போது அமுங்கிட்டு. அனுப்பிருக்கேன், வந்துச்சான்னு பாருங்க."

வந்திருந்தது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, பாதி இறங்கி நின்றது, மறுபடி சுற்றியது. பெனடிக்டை எழுப்பி பைக்கில் கீழே கொண்டுபோய் விடச் சொல்லலாம். சொல்ல வேண்டும். போய் எங்கே தேடுவது? ஒரே ஒரு புள்ளி, திசை கிடையாது, வெயில் தள்ளிக்கொண்டே போகும். காலையில் அவர் யாரோ ஒரு ஆள், என் தம்பியாக இருக்கலாம். இப்போது அவன் என் தம்பியேதான், பயந்து, வெறுங்காலோடு, தலைக்கு மேல் ஒன்றும் இல்லாத மணலில், என்னிடமிருந்து ஓடிக்கொண்டிருக்கிறான். நான் கேட்ட படம்தான் அவனை விரட்டியது. படம் திறந்தது. காப்பகத்துச் சுவர் தெளிவாக இருந்தது, வேப்பமரம் இலை இலையாகத் தெளிவு, தண்ணீர்த் தொட்டியில் யாரோ கரியால் எழுதியதுகூடப் படிக்க முடிந்தது. நடுவில் மங்கலாக, வெள்ளை வேட்டியும் தாடியும் கலைந்து, ஒரு கோடு. கோட்டின் நுனியில் கேமராவை மறைக்க நீட்டிய ஒரு கை. காது இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன், பழக்கதோஷம், கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன், காது இல்லை. உறுதியாகத் தெரிந்தால் மட்டும் சொல் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். உறுதியாகத் தெரிந்துவிட்டது. போனை ஜன்னலிலேயே வைத்து, குனிந்து, அம்மாவின் எண்ணை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.